கற்றல் ஏணி கடந்து வந்த வழி

2007 ஜூனுக்குப் பிறகு தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த ஏணி நினைவிருக்கும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் மாட்டிய நீளமான தாள் அது. அதில் கீழிருந்து மேலாகப் படிகள்; ஒவ்வொரு படியிலும் ஒரு படச்சின்னம், ஓர் எண். அதே சின்னமும் எண்ணும் கொண்ட அட்டை வகுப்பின் ஓரத்தில் ஒரு தட்டில் இருக்கும். குழந்தை தன் படியைப் பார்த்து, தட்டைத் தேடி, அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் வந்து உட்காரும். வேலை முடிந்ததும் அட்டை தட்டுக்குத் திரும்பும். குழந்தை அடுத்த படிக்குப் போகும். "நீ எதுவரைக்கும் வந்திருக்க?" என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தை ஏணியில் விரலை வைத்துக் காட்டிவிடும்.

எளிய காட்சிதான். ஆனால் பள்ளிக்கூடம் என்ற அமைப்பு தோன்றிய நாளிலிருந்து இருந்துவரும் ஒரு சிக்கலுக்கு அந்த விரல் பதில் சொன்னது. இன்று நடத்திய பாடம் இன்று யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு ஆண்டுத் தேர்வு பதில் சொல்ல முடியாது. பத்து மாதம் கழித்து வரும் மதிப்பெண், ஜூலையில் 'கூட்டல்' புரியாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு ஒரு உதவியும் செய்யாது. அன்றன்றைய கற்றலை அன்றன்றே அறிந்துகொள்ள மனிதர்கள் செய்த கருவிகளில், நம் மண்ணோடு நெருங்கிய உறவுள்ள ஒன்று இந்த ஏணி. அது எங்கே பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, எங்கே தளர்ந்தது என்பதைப் பார்த்தால், அளவிடுதல் எப்போது கல்விக்குத் துணையாகிறது, எப்போது சுமையாகிறது என்பது விளங்கும்.

ஏணிக்கு முன்பு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அங்கே ஒரே வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கும் வகுப்பு கிடையாது. மணலில் எழுதும் பிள்ளையும் ஓலையில் எழுதும் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் உபாத்தியாயரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ பாடத்தை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவருக்கு அடுத்த பாடம், ஒப்பிக்காதவருக்குப் பிரம்படி. அந்த அடியை நியாயப்படுத்த முடியாது. மனப்பாடமே கல்வி என்ற குறையும் பெரிது. அந்தத் திண்ணையில் ஏற இடமே தரப்படாத சாதிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர். இருந்தாலும், தன்னிடம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இன்று எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பது உபாத்தியாயருக்குத் தெரிந்திருந்தது.

1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதுவதையும் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித்தருவதையும் பார்த்தார். அதைத் தன் காப்பகத்தில் ஒரு முறையாக ஒழுங்குபடுத்தினார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் அங்கே பரவியது.

நம் ஊரில் அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடப்புத்தகம், ஆண்டுக்கு ஒரு தேர்வு என்ற அமைப்பு வேரூன்றியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் உதவிபெறும் பள்ளிகளுக்குத் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் தரும் வழக்கமும் வந்தது. பள்ளி ஆய்வாளர் வந்து சோதிக்கும் நாளே பள்ளியின் பெருநாள். அளவுகோல் வகுப்பறையை விட்டு வெளியேறி அதிகாரியின் கைக்குப் போனது இப்படித்தான். அந்தப் பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை.

மலைகளுக்கு நடுவே

1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமப் பகுதியில், டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் 'நீல் பாக்' என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் நெடுங்காலம் ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். பள்ளிக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமக் குழந்தைகள். அங்கே வயதுப்படி வகுப்பு இல்லை, போட்டி இல்லை, தேர்வு இல்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் போனது. பள்ளி சிறியது, ஆனால் அங்கே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் வழியாக அதன் தாக்கம் தென்னிந்தியாவில் வெகுதூரம் பரவியது.

அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மதனப்பள்ளிதான் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதை அடுத்த ரிஷிவேலியில் அவர் உருவாக்கிய உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதன் கிராமக் கல்விப் பணிக்கு 1980களின் பிற்பகுதியில் ராமா, பத்மநாப ராவ் தம்பதி வந்தார்கள். சுற்றியுள்ள குக்கிராமங்களில் அவர்கள் சிறு பள்ளிகளை நிறுவினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர்; ஐந்து வயது முதல் பத்துப் பன்னிரண்டு வயது வரை எல்லாக் குழந்தைகளும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். ஆடு மேய்க்கப் போனதால் ஒரு வாரம் வராத பிள்ளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிட்ட பிள்ளையும் அவர்களில் இருந்தார்கள்.

அத்தகைய அறையில் "எல்லாரும் பதினைந்தாம் பக்கத்தை எடுங்கள்" என்று சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கினால்தான் வழி பிறக்கும் என்று அவர்கள் கண்டார்கள். அட்டைகள் பெருகியதும் அடுத்த கேள்வி எழுந்தது: எந்த அட்டைக்குப் பின் எது? ஒரு பிள்ளை எதுவரை வந்தது என்பதை யார் நினைவில் வைத்திருப்பது? அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் கற்றல் ஏணி. ஏணி, அட்டைகள், உள்ளூர்ப் பாடல்கள், கதைகள், பொம்மைகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு 'பெட்டிக்குள் பள்ளி' என்று பெயர் பெற்றது.

ஏணியின் உள்ளமைப்பு

மொழியிலோ கணக்கிலோ ஒரு குறிப்பிட்ட திறனை எட்டும் இடம் 'மைல்கல்'. ஒவ்வொரு மைல்கல்லுக்குள்ளும் பல படிகள். முதலில் அறிமுகம், அதில் ஆசிரியர் கூடவே இருப்பார். அடுத்து, விளையாட்டாகவும் எழுத்தாகவும் பயிற்சி. பிறகு மதிப்பீட்டு அட்டை. அதைச் சரியாகச் செய்த பிள்ளைக்கு வளமூட்டும் வேலை, பின் அடுத்த மைல்கல். தடுமாறிய பிள்ளைக்கு வேறு வழியில் அதே திறனைத் தரும் குறைதீர் அட்டை, பின் மறுபடியும் மதிப்பீடு.

இந்த அமைப்பில் தேர்வுக்கென்று தனி நாள் இல்லை. மதிப்பீடும் பாடத்தின் படிகளில் ஒன்று. ஒரே காலையில் ஒரு பிள்ளை மதிப்பீட்டு அட்டையைச் செய்துகொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு பிள்ளை அறிமுக அட்டையில் இருக்கும். தோற்றது என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. "இன்னும் இந்தப் படியில் இருக்கிறேன்" என்பது மட்டும்தான் செய்தி. பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் குழந்தைகள் உள்ள நாட்டில் இது சாதாரண வசதி அல்ல.

ஏணியால் ஆசிரியருக்கும் பலன் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த மைல்கல்லை எப்போது முடித்தது என்பது அடைவு அட்டவணையில் ஏறும். அதைப் பார்த்தால், நான்கைந்து பிள்ளைகள் ஒரே இடத்தில் தேங்கியிருப்பது கண்ணில் படும். கடன் வாங்கிக் கழித்தலில் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால், நாளைக் காலை அந்த ஐந்து பேரோடு உட்கார வேண்டும் என்பது தெளிவு. நல்ல அளவீட்டின் இலக்கணம் இதுதான்: பார்த்த மாத்திரத்தில் நாளை என்ன செய்வது என்று அது சொல்ல வேண்டும்.

எல்லை தாண்டிய ஏணி

1995-இல் கர்நாடகத்தின் மைசூர் மாவட்டம், எச்.டி. கோட்டே வட்டாரத்தில் யுனிசெப் உதவியோடு 'நலி-கலி' என்ற கற்றல் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி ஆசிரியர்களே ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து, தங்கள் பிள்ளைகளுக்கேற்ற அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அந்தத் திட்டத்தின் உயிர் அதில்தான் இருந்தது. 2009-10-இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது.

தமிழ்நாட்டுக்கு ஏணி வந்த வழியில் வேலூருக்கு ஓர் இடம் உண்டு. எம்.பி. விஜயகுமார் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் அக்கறை காட்டினார். பத்து வயதில் முதன்முதலாக எழுத்தைப் பார்க்கும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது? வயதுப்படி போட்டால் ஒன்றும் புரியாது. ஒன்றாம் வகுப்பில் போட்டால் கூனிக் குறுகிப்போகும். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பைவிடப் படியே பொருத்தம் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது.

2003-இல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பயிற்சி பெற்றார்கள். 13 பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போனது. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-இல் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை, ஏணியை மையமாகக் கொண்ட இந்த முறை 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது.

குக்கிராமத்தின் ஒற்றை அறையில் பிறந்த தாள், இருபது ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்தின் சுவர்களில் ஏறியது. வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகைகள் வந்தன. அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்தார்கள். திண்ணையில் பெல் பார்த்த 'பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருதல்', இரு நூற்றாண்டு கழித்து, பிரம்பு இல்லாமல் சென்னைக்குத் திரும்பி வந்தது என்றே இதைச் சொல்லலாம்.

தொடக்க ஆண்டுகளில் திட்டத்தை ஒட்டி எடுக்கப்பட்ட மதிப்பாய்வு மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் இருப்பதாகக் கண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைந்ததாகவும் அது சொன்னது. பிற மாநிலக் கல்வி அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். இதே வழிமுறையில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் ரிஷிவேலியும் சேர்ந்து பணியாற்றின.

தளர்ச்சி

பயணம் நீண்டபோது ஏணி இளைத்தது. அதன் காரணங்களை மறைக்காமல் பேசுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

ரிஷிவேலியிலும் எச்.டி. கோட்டேயிலும் அட்டையை எழுதியவரே அதைக் கையாண்டார். எந்த அட்டை பிள்ளையைக் குழப்புகிறது என்று தெரிந்தால் மறுநாளே மாற்றிவிடலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டைத் தொகுப்பு அச்சாகி வந்தபோது, பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அது மேலிருந்து வந்த ஆணையாகவே பட்டது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. எல்லா இடத்திலும் மாற்று அட்டை உடனே கிடைக்கவில்லை. பிள்ளைகள் நிறைந்த அறையில் ஒவ்வொருவரின் படியையும் கவனிப்பது ஒரே ஆசிரியரால் ஆகிற காரியமா என்ற கேள்வி எழுந்தது. புத்தகத்தையும் வீட்டுப்பாடத்தையும் எதிர்பார்த்த பெற்றோர், "பிள்ளை ஒண்ணும் எழுதிட்டு வரல, என்ன படிக்குது?" என்று கவலைப்பட்டார்கள். அவர்கள் வீட்டு வாசலில் தனியார் பள்ளிகளின் வண்டிகள் காத்திருந்த காலம் அது.

இவற்றைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. பிள்ளை இத்தனையாம் மைல்கல்லில் இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வருபவர் கேட்கத் தொடங்கினால், ஏணியின் இயல்பே மாறிவிடுகிறது. மதிப்பீட்டு அட்டையைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து முடித்தாலும் படி ஏறியதாகக் குறித்துவிடலாம். தாளில் பிள்ளை மேலே போயிருக்கும். வாசிப்பில் கீழேயே நிற்கும். 2005 முதல் நாடு முழுவதும் கிராம வீடுகளுக்குச் சென்று குழந்தைகளிடம் எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரே ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொல்லும் ஏசர் ஆய்வு, அந்த ஆண்டுகளில் தமிழகக் கிராமக் குழந்தைகளின் வாசிப்பு நிலை கவலைக்குரியதாக இருப்பதையே காட்டியது. ஏணியின் படிகளுக்கும் வீட்டு வாசலில் கண்ட வாசிப்புக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியை ஏணியை நேசிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடக் கூடாது.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. ஆண்டுத் தேர்வின் அச்சமில்லாமல் அன்றாடக் கற்றலையே மதிப்பிட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கம் அது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு அது நடைமுறைக்கு வந்தது. பாடத்தின் ஊடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. நோக்கத்தில் ஏணியும் இதுவும் உடன்பிறப்புகள்தான். ஆனால் வகுப்பறையில் அது பெரும்பாலும் பதிவேடாக வந்து இறங்கியது. பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரம் கட்டங்களை நிரப்புவதில் போகிறது என்று ஆசிரியர்கள் தொடர்ந்து சொன்னார்கள். அவர்கள் வேலைக்குச் சலித்துச் சொன்ன குறை அல்ல அது. அளவீட்டின் பயன் யாருக்கு என்ற அடிப்படைக் கேள்வி.

2018-19 முதல் புதிய பாடத்திட்டமும் புதிய பாடப்புத்தகங்களும் வந்தன. விரைவுக் குறியீடுகளும் வண்ணப் படங்களும் கொண்ட அழகான புத்தகங்கள் அவை. மைல்கல்லின் இடத்தைக் 'கற்றல் விளைவுகள்' பிடித்தன. ஏணி மெல்லச் சுவரிலிருந்து இறங்கியது.

அரும்பு, மொட்டு, மலர்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வயதுப்படி வகுப்பு என்ற ஏற்பாட்டின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிகள் திறந்தபின் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, அதற்கு முன் வகுப்பறையில் சில மாதமே உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டி என்ன பயன்? ரிஷிவேலியின் ஒற்றை அறையிலும் வேலூரிலும் எழுந்த கேள்வி, இப்போது மாநிலத்தின் எல்லா வகுப்புகளிலும் எழுந்தது.

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் உண்மையில் நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள் தரப்பட்டன. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நீண்டது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதே முதன்மை என்ற எண்ணம், ஏணி விட்டுச்சென்ற சொத்து.

மதிப்பீடு மட்டும் இடம் மாறியிருந்தது. அது இப்போது ஆசிரியரின் கைபேசிச் செயலிக்குள் வந்துவிட்டது. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வினாக்களைக் காட்டி விடைகளைப் பதிவேற்ற வேண்டும். மாநில அளவில் எங்கே பின்னடைவு என்று அறிய அந்தத் தரவு உதவும். திட்டமிடுவோருக்கு அது தேவையும்கூட. ஆனால் இணையம் கிடைக்காத பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் ஏற்ற முயன்று நிற்கும் ஆசிரியரின் காலைப்பொழுது திரும்பி வராது. அந்தத் தரவைப் பிள்ளை பார்ப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய இழப்பு. சுவரில் இருந்த ஏணியைப் பிள்ளை தொட்டுப் பார்த்தது. சர்வரில் இருக்கும் நிலையைப் பிள்ளை எப்படித் தொடும்?

எது மிஞ்ச வேண்டும்

அட்டைகள் காலத்துக்கு ஏற்ப மாறலாம். தாள் போய்த் திரை வரலாம். ஏணியை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதன் பயணம் கற்றுத்தந்த ஓர் ஒழுங்கை நாம் கைவிடக் கூடாது: அன்றாடக் கற்றலின் அளவை முதலில் பார்க்க வேண்டியவர் பிள்ளை, அடுத்தவர் ஆசிரியர், அதற்குப் பிறகே மற்ற எல்லோரும். இந்த வரிசை நிலைத்த இடங்களிலெல்லாம் அளவீடு கற்பித்தலுக்குத் தோள்கொடுத்தது. வரிசை தலைகீழான இடங்களில், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது கணக்குக் காட்டும் வேலையாகச் சுருங்கியது.

இதை நடைமுறையாக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. பாடம் முடியும் முன் கடைசி ஐந்து நிமிடம் போதும். அன்றைய இலக்கைக் காட்டும் ஒரே ஒரு கணக்கு, அல்லது ஒரு வாக்கியம். ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்ய வேண்டும். ஆசிரியர் நோட்டுகளை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்: வந்தது, பாதி வந்தது, வரவில்லை. மூன்றாவது அடுக்கோடு மறுநாள் காலை உட்காரலாம். மதிப்பெண் வேண்டாம், பதிவேற்றம் வேண்டாம். தன் நோட்டு எந்த அடுக்கில் இருந்தது என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். வெட்கப்படுத்தாமல், அடுத்து என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வர வேண்டும். அட்டையையும் வினாவையும் தன் பிள்ளைகளுக்கேற்ப மாற்றும் உரிமை வேண்டும். தேங்கி நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை உண்மையாகச் சொன்னால் கண்டிக்கப்பட மாட்டோம் என்ற உறுதி வேண்டும். இவற்றைத் தருவது அரசின் கடமை. உண்மையான எண்ணிக்கையைக் குறித்து, மறுநாள் அந்தப் பிள்ளைகளோடு உட்காருவது ஆசிரியரின் கடமை. இரண்டும் ஒன்றாக நடக்கும் பள்ளியில், ஏணி சுவரில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் அடுத்த படி எது என்று தெரிந்திருக்கும்.